சூதில்லாத ஊரில் ஒரு பந்தயம்

லாஸ் வேகாஸ் நகரத்துக்குப் போவதற்காக நாம் எழுதிக் கொடுத்த விடுமுறை விண்ணப்பத்தை நம் தலைமை ஆசிரியர் ஒரு முறைக்கு இரு முறை படித்தார். "பேரக் குழந்தையைப் பார்க்கப் போகும் தமக்கைக்குத் துணை" என்று காரணம் காட்டியிருந்தோம். "குழந்தை பிறப்பதற்கு உலகத்தில் வேறு ஊர் கிடைக்கவில்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்திட்டார்.

அவர் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் கடைசியில் அந்த ஊர் விமான நிலையத்தில் இறங்கினோம். நம் பெட்டி வருவதற்கு முன்பே வரிசை வரிசையாகச் சூதாட்ட யந்திரங்கள் கண் சிமிட்டி நம்மை வரவேற்றன. நம் தமக்கை அவற்றை ரயில் டிக்கெட் கொடுக்கும் யந்திரங்கள் என்று எண்ணிக் கொண்டு, "எந்த வண்டிக்கு, அப்பா, இத்தனை கூட்டம்?" என்று மகனைக் கேட்டாள். "கையில் இருப்பதையெல்லாம் வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பும் வண்டிக்கு, அம்மா!" என்றான் அந்தப் பிள்ளை. அவன் அங்கே பத்து வருஷமாக என்ஜினீயர் உத்தியோகம் பார்க்கிறவன். இதுவரை ஒரு காசு கூட வைத்து ஆடியதில்லை என்று தாயாரிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான்.

நெவாடா மாகாணம் பெரும்பாலும் பாலைவனம். 1931-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், உலகமெங்கும் வியாபாரம் மந்தமாகிக் கிடந்த வேளையில், அந்த மாகாணத்தார் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கினார்கள். அதே வருஷத்தில்தான் கொலராடோ நதியின் குறுக்கே பிரம்மாண்டமான அணையைக் கட்டும் வேலையும் தொடங்கிற்று. வேலையற்றுத் திண்டாடிய ஆயிரக்கணக்கான ஜனங்கள் அங்கே கூலிக்கு வந்து சேர்ந்தார்கள். கூலி வாங்கிய கையோடு அவர்கள் லாஸ் வேகாஸுக்கு ஓடிவிடக் கூடாதே என்று அமெரிக்க மத்திய சர்க்காருக்குக் கவலை பிறந்தது. ஆகவே, லாஸ் வேகாஸுக்கு 25 மைல் தள்ளி, தொழிலாளருக்கென்றே போல்டர் சிட்டி என்ற ஊரை நிர்மாணித்தார்கள். அங்கே மதுவும் கூடாது, சூதும் கூடாது என்று விதித்தார்கள். மதுவுக்கு இருந்த தடை 1969-ல் போயிற்று. சூதுக்கு விதித்த தடை இன்றும் இருக்கிறது. நெவாடா முழுவதிலும் இப்படிச் சூதுக்கு இடம் கொடாத ஊர்கள் இரண்டே இரண்டுதான்.

முதல் நாள் மாலை நம் தமக்கை மகன் நம்மை ஒரு பெரிய சூதாட்ட மாளிகைக்குள் அழைத்துச் சென்றான். ஆடுவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. நாம் நெடுநேரம் நின்றது ரூலெட் என்ற சுழல் சக்கரத்தின் அருகே. அந்தச் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள் உண்டு. அவற்றோடு ஒரு சைபரும் ஓர் இரட்டைச் சைபரும் உண்டு. ஆக 38 குழிகள். நீங்கள் வைத்த எண்ணில் பந்து விழுந்தால், வைத்த ஒரு டாலரோடு மேலும் 35 டாலர் கிடைக்கும். இதன் சூட்சுமத்தை நமக்கு முன்பே கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தார் நம் பள்ளிக்கூடத்துக் கணக்கு ஆசிரியர். "எல்லாக் குழிகளிலும் ஒவ்வொரு டாலர் வையுங்கள். 38 டாலர் போகும். எங்கே விழுந்தாலும் 36 டாலர்தான் திரும்பும். பாக்கி இரண்டு டாலர் யாருக்கு? கடைக்காரனுக்கு. அதிர்ஷ்டம் ஆட்டக்காரர்களுக்குள்ளேதான் மாறி மாறிச் சுற்றும், அந்த இரண்டு டாலர் மட்டும் ஒரே பக்கமாகப் போய்க் கொண்டிருக்கும்" என்று சாக்பீஸைத் தட்டிக் கொண்டே சொன்னார். அந்த நண்பரைப் பற்றிப் பின்னால் சொல்லப் போகிறோம்.

மறுநாள் சனிக்கிழமை, அக்டோபர் 26. காலைப் பலகாரத்துக்கு நம் பிள்ளை போல்டர் சிட்டிக்கு வண்டியைச் செலுத்தினான். சிறிய ஊர்; ஜனத்தொகை ஏறக்குறைய பதினையாயிரம். மரங்களும் புல்வெளியும் அடக்கமான வீடுகளுமாக, பாலைவனத்தின் நடுவே ஓர் அக்கிரகாரத்தைக் கொண்டு வைத்தாற்போல் இருந்தது. கடைத் தெருவில் இருந்த ஒரு காப்பி ஓட்டலுக்குள் நுழைந்தோம். அங்கே கோப்பை காலியாக ஆகக் காப்பியை ஊற்றிக் கொண்டே இருக்கிறார்கள். அதற்குத் தனியே காசில்லை. இந்த ஒரு தர்மத்தை நம் கும்பகோணத்தார் கற்றுக் கொண்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

அடுத்த மேஜையில் மூன்று கிழவர்கள். ஒருவர் தலையில் நீலத் தொப்பி. இன்னொருவர் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. மூன்றாமவர் எண்பதைக் கடந்தவர், பேச்சுக் குறைவு. முதல் நாள் இரவு லாஸ் ஏஞ்சல்ஸில் பேஸ்பால் சாம்பியன் பந்தயத்தின் முதல் ஆட்டம் நடந்திருந்தது. பத்தாவது சுற்றில், இரண்டு பேர் அவுட் ஆன நிலையில், டாட்ஜர்ஸ் கட்சி 2-க்கு 3 என்று பின்தங்கியிருந்தது. மூன்று முனைகளிலும் ஆட்கள் நிற்க, பிரெடி பிரீமன் என்ற வீரர் பந்தை வேலிக்கு அப்பால் அடித்து, ஒரே அடியில் நான்கு ஓட்டங்களைச் சேர்த்து, 6-க்கு 3 என்று ஆட்டத்தை முடித்துவிட்டார். அந்தச் சாம்பியன் பந்தயத்தின் சரித்திரத்திலேயே ஆட்டத்தை இப்படி முடித்தவர் அதற்கு முன் யாரும் இல்லையாம். நீலத் தொப்பிக்காரர் அந்த அடியைக் கரண்டியால் மூன்றாம் தடவை அடித்துக் காட்டிக் கொண்டிருந்தார்.

"கரண்டியைக் கீழே வை. யாங்கீஸ்காரர்கள் அடுத்த நான்கையும் ஜெயிப்பார்கள்" என்றார் கம்பளிச் சட்டைக்காரர்.

"பந்தயம்?"

"ஒரு துண்டு ஆப்பிள் பணியாரம்!"

பரிமாறிக் கொண்டிருந்த அம்மாள் சட்டென்று வந்து, "இந்த ஊரில் சூதாட்டம் கூடாது. தெரியுமா, தெரியாதா?" என்று அதட்டினாள். தினமும் அவள் அதட்டுவது வழக்கமாம். தினமும் பந்தயம் நடப்பதும் வழக்கமாம்.

நாம் சிரித்துவிட்டோம். அதன் பலனாக நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக் கொள்ளும்படி நமக்கு உத்தரவு கிடைத்தது. பிறகு பேச்சு வெள்ளமாக ஓடியது. பீட் ரோஸ் முந்தின மாதம் 30-ந் தேதிதான் லாஸ் வேகாஸில் காலமாகியிருந்தார். 4,256 தடவை பந்தை வெற்றிகரமாக அடித்துச் சாதனை புரிந்தவர். சொந்தக் கட்சியின் ஆட்டத்திலேயே பந்தயம் கட்டிய குற்றத்துக்காக 1989-ல் பேஸ்பாலிலிருந்து விலக்கப்பட்டவர். "அவர் செய்தது குற்றம்" என்றார் தொப்பிக்காரர். "அப்படியானால் இன்று ஆட்டத்தின் நடுவே பந்தயக் கடைக்காரர்களின் விளம்பரத்தைக் காட்டுகிறார்களே, அது என்ன புண்ணியமா?" என்றார் சட்டைக்காரர். இதற்குத் தொப்பியிடம் பதில் இல்லை. விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலும் நெவாடாவுக்குள் அடைத்து வைத்திருந்த 1992-ஆம் வருஷத்துச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் தள்ளிவிட்டது. அதன் பின் முப்பதுக்கும் மேற்பட்ட மாகாணங்கள் கடை திறந்துவிட்டன. சூதாடிகள் நிறைந்த ஊர் என்று லாஸ் வேகாஸை ஒதுக்கி வைத்திருந்த பெரிய ஆட்டக் கட்சிகள், 2017 முதல் ஒவ்வொன்றாக அங்கேயே வந்து குடியேறின. (பீட் ரோஸ் மீதிருந்த தடையைப் பேஸ்பால் நிர்வாகத்தார் 2025 மே மாதத்தில் நீக்கினார்கள். அதை அறிய அவர் இல்லை.)

ஆட்டத்திலிருந்து அரசியலுக்குப் போக அவர்களுக்கு ஒரு வாய்க் காப்பியே போதுமாயிருந்தது. ஜனாதிபதித் தேர்தலுக்கு இன்னும் பத்தே நாள். தொப்பிக்காரர் ஜனநாயகக் கட்சி. சட்டைக்காரர் குடியரசுக் கட்சி. அதுவரை மௌனமாயிருந்த பெரியவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"இவர்கள் சண்டை அணையை விடப் பழையது. 1930-ல் அதற்கு ஹூவர் அணை என்று பெயர் வைத்தார்கள். ரூஸ்வெல்ட் கட்சியார் வந்ததும், 1933-ல், அதைப் போல்டர் அணை ஆக்கினார்கள். 1947-ல் மறுபடியும் ஹூவர் அணை. என் தகப்பனார் அதற்குக் கான்கிரீட் கொட்டியவர். எந்தப் பெயரை வைத்தாலும் தண்ணீர் கசியவில்லையே, அது போதும் என்பார்."

தெருப் பெயர்களை மாற்றும் கலையில் நாம் மட்டுமே தேர்ந்தவர்கள் என்று அதுவரை கொஞ்சம் கர்வம் வைத்திருந்தோம். அதுவும் போயிற்று.

நெவாடாவில் ஒரு தேர்தலில் இருவருக்கும் சமமான வாக்குகள் கிடைத்தால், திருவுளச் சீட்டு முறையில் முடிவு செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. சீட்டு என்றால் அவர்களுக்கு ஆட்டச் சீட்டுத்தான். 2002-ல் எஸ்மரால்டா என்ற ஜில்லாவில் சமமாக நின்ற இரு வேட்பாளர்களும் ஆளுக்கொரு சீட்டு எடுத்தார்கள். இருவருக்கும் ஜாக்கியே வந்தது! கடைசியில் டைமன் ஜாக்கியை இஸ்பேட் ஜாக்கி ஜெயித்ததாம். இதை அவர்கள் சொன்னபோது நாம் வயிறு குலுங்கச் சிரித்தோம். "இவர்களில் ஒருவரும் வேண்டாம்" என்று வாக்களிக்கும் உரிமையும் அங்கே 1970-களிலிருந்தே உண்டு. நமக்கு அந்த நோட்டா 2013-ல்தான் வந்தது.

இந்தச் சமயத்தில் பக்கத்து மேஜையிலிருந்த வாலிபன் ஒருவன் கைபேசியை நீட்டினான். அதில் இரு வேட்பாளர்களின் பெயருக்கும் எதிரே விலை ஓடிக்கொண்டிருந்தது. தேர்தல் முடிவின் மேல் பந்தயம் வாங்குவதை நெவாடாவின் சூதாட்டக் கடைகளுக்கே அனுமதித்ததில்லை. ஆனால், வேறு வழியாக அது வந்துவிட்டது. தேர்தல் முடிவைப் பங்குப் பத்திரம் போல வாங்கி விற்கும் சந்தை ஒன்றை நிறுத்தி வைக்க வாஷிங்டன் மேல் நீதிமன்றம் அந்த அக்டோபர் தொடக்கத்தில் மறுத்துவிட்டிருந்தது. "இது தேர்தலா, பருத்திச் சந்தையா?" என்று முணுமுணுத்தார் பெரியவர். தேர்தல் பந்தயம் அந்நாட்டுக்கு முற்றிலும் புதிதன்று. 1916-ல் வில்ஸன் போட்டியிட்டபோது நியூயார்க்கில் பெருந்தொகை பந்தயம் கட்டினார்கள்; பந்தயக்காரர்கள் ஹியூஸ் பக்கம் சாய்ந்திருக்க, ஜெயித்தவர் வில்ஸன்.

"நீங்கள் இரு கட்சிக்கும் சேராதவர். யார் ஜெயிப்பார்? ஒரு பணியாரம் கட்டுங்கள்" என்று தொப்பிக்காரர் நம்மைக் கேட்டார்.

வேடிக்கையாக ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம். ஆனால், கைபேசியில் ஓடிய அந்த எண்களைப் பார்த்ததும் நம் கணக்கு ஆசிரியரின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. அவர் கதையை அவர்களுக்குச் சொன்னோம். தொற்றுநோய்க் காலத்தில் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது, அவர் கைபேசியில் ரம்மி ஆடப் பழகினார். ஒரு நாள் இரண்டாயிரம் ரூபாய் கிடைத்தது என்று ஆசிரியர் அறைக்கு ஜாங்கிரி வாங்கி வந்தார். நாமும் தின்றோம். தின்றதோடு நில்லாமல், "என்ன சகுனி மாமா, இன்றைக்கு எத்தனை விழுந்தது?" என்று தினமும் கேலி செய்தோம். கேலி வளர வளர, ஜெயித்ததை மட்டும் சொல்லவும் தோற்றதை மறைக்கவும் அவர் கற்றுக் கொண்டார். சேமநிதிக் கடன் போயிற்று. பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை போயிற்று. அந்த இரண்டு டாலர் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய கைதான் அந்த நகையைக் கொண்டு போய் அடகு வைத்தது. நாம் சிரிக்காமல் ஒரு நாள் அருகில் உட்கார்ந்து விசாரித்திருந்தால்!

சற்று நேரம் யாரும் பேசவில்லை. வாலிபன் கைபேசியைப் பையில் போட்டுக் கொண்டான்.

"பணியாரத்துக்குப் பந்தயம் கட்டலாம், ஐயா. அதில் சைபரும் இல்லை, இரட்டைச் சைபரும் இல்லை. தோற்றவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் முகம் வாடினால் ஜெயித்தவருக்குத் தெரியும். தேர்தல் அப்படியல்ல. அதில் தோற்றவர் பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போக முடியாது. ஜெயித்தவரோடு அதே ஊரில் குடியிருந்தாக வேண்டும்" என்றோம்.

பெரியவர் தலையை ஆட்டினார். "அதனால்தான் இவர்கள் இருவரும் ஒரே வண்டியில் வாக்களிக்கப் போகிறார்கள்" என்றார். நெவாடாவில் தேர்தல் தேதிக்கு முன்பே வாக்களிக்கலாம். தொப்பிக்காரருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. சட்டைக்காரர்தான் அவரை எங்கும் அழைத்துச் செல்கிறவர்.

"உங்கள் இருவர் வாக்கும் ஒன்றையொன்று அடித்துக் கொள்ளுமே! இருவரும் வீட்டிலேயே இருந்துவிட்டால் பெட்ரோலாவது மிச்சம்" என்றோம்.

"நான் வீட்டில் இருப்பேன். இவன் இருப்பான் என்று எதை வைத்து நம்புவது?" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். சற்றைக்கெல்லாம் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் கொண்டு வண்டியில் ஏறிப் போனார்கள்.

முடிவைச் சொல்லிவிடுகிறோம். யாங்கீஸ்காரர்கள் ஐந்தாவது ஆட்டத்தோடு, அக்டோபர் 30-ந் தேதி, தோற்றுப் போனார்கள். நவம்பர் 5-ந் தேதித் தேர்தலில் நெவாடாவின் ஆறு வாக்குகளும் 2004-க்குப் பிறகு முதல் தடவையாகக் குடியரசுக் கட்சிக்குப் போயின. தொப்பிக்காரருக்கு ஒன்று, சட்டைக்காரருக்கு ஒன்று. அடுத்த வாரம் நம் பிள்ளை அந்த ஓட்டலுக்குப் போனபோது மூவரும் அதே மேஜையில் இருந்தார்களாம். பணியாரம் ஒன்று, முட்கரண்டிகள் மூன்று.

2025 ஆகஸ்டில் இந்திய சர்க்கார் பணம் வைத்து ஆடும் கைபேசி ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் செய்தார்கள். நல்ல காரியந்தான். ஆனால், சட்டம் வருவதற்கு முன்பே நாம் செய்திருக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஊர் திரும்பிய மறுநாளே அதைச் செய்தோம். கணக்கு ஆசிரியரின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக் கொண்டு, "வாரும், காப்பி சாப்பிடப் போகலாம்" என்றோம். யார் காசு கொடுப்பது என்று மட்டும் பூவா தலையா போட்டுப் பார்த்தோம். அவர் ஜெயித்தார்.