புதன்கிழமைக் குழந்தைகள்

ஜூன் 3, 2024, திங்கள்

இன்று உலக வளைபாத நாள். டாக்டர் இக்னாசியோ பொன்செட்டி பிறந்த நாள். 1914இல் மினோர்கா தீவில் பிறந்தவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்து, பின் நாடு விட்டுப் போய் அமெரிக்காவின் அயோவாவில் தங்கிவிட்டார். பிறந்த குழந்தையின் திரும்பிய பாதத்தைப் பெரிதாக அறுக்காமல், கையாலும் மாவுக்கட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பலாம் என்று 1940களின் கடைசியிலேயே செய்துகாட்டத் தொடங்கினார். உலகம் அதைப் பரவலாக ஏற்க ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆயிற்று. அந்த இடைவெளியில் கத்திபட்டு விறைத்துப்போன பாதங்கள் எத்தனையோ. நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

ஜூன் 5, புதன்

எங்கள் மருத்துவமனையில் வளைபாதத்துக்குக் கட்டுப் போடும் நாள். வத்தலக்குண்டுப் பக்கமிருந்து பச்சைக் குழந்தை ஒன்று, பெண். இரண்டு பாதமும் உள்ளே திரும்பி, குதிகால் மேலே ஏறியிருந்தது. பாட்டி உட்காருமுன்பே ஆரம்பித்தார்: "போன ஐப்பசிக் கிரகணத்துல இவ வெளிய வந்தா தாயி. சொல்லச் சொல்லக் கேக்கல."

மருமகள் தலை நிமிரவில்லை. எனக்குக் கோபம்தான். ஆனாலும் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "ஆயிரம் குழந்தைக்கு ஒண்ணுங்கிற கணக்குல உலகம் பூரா இப்படிப் பிறக்குது பாட்டி. கிரகணமே தெரியாத ஊர்லயும்தான். ஆம்பளப் பிள்ளைகளுக்கு இன்னும் ஜாஸ்தி. பெத்தவ எதுவும் செஞ்சு இது வரல."

டாக்டர் பாதத்தைப் பிடிக்க, நான் பஞ்சும் மாவுத்துணியும் தொடைவரை சுற்றினேன். கணுக்காலுக்கு முன்னால், வெளிப்பக்கம் துருத்தும் எலும்பில் கட்டைவிரலை ஊன்றி, அதைச் சுற்றித்தான் பாதத்தைத் திருப்ப வேண்டும். குதிகாலை இழுக்கவே கூடாது. தாய் பால் கொடுத்துக்கொண்டே இருந்ததால் குழந்தை சிணுங்கக்கூட இல்லை.

முதல் கட்டில் பெருவிரல் பக்கத்தைத் தூக்கி வைப்பதால் பாதம் முன்னைவிட அதிகமாகத் திரும்பினாற்போலத் தெரியும். தாய் அதைப் பார்த்து அழுதுவிட்டாள். இதை முதலிலேயே எல்லாத் தாய்மார்களிடமும் சொல்லிவிட வேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலோ கட்டுக்குள் இழுத்துக்கொண்டாலோ ராத்திரியானாலும் உடனே வரணும் என்று பாட்டியிடமே சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 8, சனி

எங்களிடம் வைத்தியம் பார்த்த நத்தம் பையனின் தாய்க்குப் போன் செய்தேன். இரண்டு வயது. கட்டுகளால் நல்லபடியாக நேரான பாதம். மாதக்கணக்கில் வரவில்லை. "ஓடுறான் மேடம், இன்னும் எதுக்கு அந்தக் கம்பி ஷூ? மாட்டுனா ராத்திரி பூரா அழுகை" என்றாள். பாதம் நேரானதுமே வைத்தியம் முடிந்துவிட்டதென்று நம்புவது இயல்பு. ஆனால் வளைவு திரும்ப வருவதற்கு ஷூவை விடுவதுதான் பெரிய காரணம். கட்டுகள் முடிந்ததும், இரண்டு ஷூவையும் ஒரு கம்பியால் இணைத்த இதை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம் மாட்டணும், பிறகு நாலு வயதுவரை தூங்கும் நேரமெல்லாம். டாக்டரின் கையில் சில வாரம்தான்; மிச்ச வருஷங்கள் முழுக்க வீட்டாரின் கையில்.

ஜூன் 12, புதன்

வத்தலக்குண்டுக் குழந்தைக்கு இரண்டாம் கட்டு. பழைய கட்டை வீட்டிலேயே ஊறவைத்து எடுக்காமல் இங்கே வந்து எடுத்தார்கள். முந்தின நாளே எடுத்தால் பாதம் மறுபடி இறுகிவிடும்.

இன்னொரு குழந்தைக்கு மரத்துப்போக ஊசி போட்டு, குதிகால் தசைநாணைச் சின்னக் கீறல் வழியே வெட்டிவிட்டார் டாக்டர். சில நிமிட வேலை. மூன்று வாரக் கட்டுக்குள் தசைநாண் நீண்டு கூடிவிடும்.

நத்தம் பையன் வந்துவிட்டான்! குதிகால் லேசாக எழும்பத் தொடங்கியிருக்கிறது. மறுபடி சில கட்டுகள். தகப்பனுக்கு மில்லில் நைட் ஷிப்ட், தாய் ஒருத்தியே போராடியிருக்கிறாள். தாய் தகப்பன் இருவரையும் வத்தலக்குண்டுத் தாய்க்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கம்பி ஷூ மாட்டக் காட்டினேன்: முதலில் குதிகாலை அடிவரை இறக்கி, நடு வாரை இறுக்கணும், பிறகு இரண்டு காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டணும். வத்தலக்குண்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, "என்கிட்ட குடு தாயி, நானும் மாட்டிப் பாக்குறேன்" என்று ஷூவை வாங்கிக்கொண்டார்.