காஞ்சன்பாக்கில் இரு நுகர்வோர்

ஐதராபாத் காஞ்சன்பாக்கில் உலோகம் உருக்கும் மிஸ்ர தாது நிகம் ஆலையும் அப்பகுதியின் இரண்டறை வீடொன்றும் சட்டத்தில் 'நுகர்வோர்' என்னும் ஒரே சொல்லில் அடங்கும். மின்சாரத்தை யாரிடம் வாங்குவது என்னும் தெரிவில் அவ்வொற்றுமை முறிகிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 'திறந்த அணுகல்' 1 மெகாவாட்டுக்கு மேற்பட்ட மின்பளு உடையோர்க்கே உரிமையாயிற்று. பசுமை மின்சாரத்துக்கு 2022 விதிகள் அவ்வரம்பை 100 கிலோவாட்டாகத் தாழ்த்தின. வீட்டுக்கு அதுவும் எட்டாத உயரம். 'திறந்த' என்ற பெயரடை சற்று மிகையே.

மும்பையில் 2008 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் ரிலையன்ஸின் வீட்டு நுகர்வோர் பலர், பழைய கம்பி வழியாகவே டாடா மின்சாரத்துக்கு மாறினர். காஞ்சன்பாக் வீட்டுக்கோ தெலங்கானா தெற்கு மின் பகிர்மான நிறுவனம் ஒன்றே கதி.

விலகும் பெருநுகர்வோர் செலுத்தும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம், சிறியோரின் கட்டணம் ஏறாமல் ஓரளவு தாங்குகிறது. அதைக் குறைக்கக் கோருவோர் ஆலையினர். குறைந்தால் ஈடுகட்ட வேண்டியது அவ்வீடு, அல்லது அரசுக் கருவூலம்.