இடியன் துவக்கும் வெந்நீரும்

எங்கள் தலைமுறைத் தமிழருக்குத் துவக்கு என்பது தாழ்ந்த குரலில் உச்சரிக்கப்படும் சொல். செய்தியாளனாக அச்சொல்லைப் பல்லாண்டுகள் எழுதியிருக்கிறேன். எழுதிய இடமெல்லாம் சாவு, கைது, சோதனைச்சாவடி என்பனவே அதற்குத் துணைச்சொற்களாயின. சேனைப் பயிர் செய்யும் உழவருக்கோ அது மண்வெட்டிக்கும் கத்திக்கும் அருகில் வைக்கப்படும் மற்றொரு கருவி. லக்கலயில்தான் இதை நேரில் கண்டேன்.

மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில் கிடக்கிறது லக்கல. ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் மலையைக் கடந்து இறங்க வேண்டும். களுகங்கை நீர்த்தேக்கத்திற்காக ஊர்கள் நீருக்குள் போக, மக்களுக்கெனப் புதிய நகரம் அமைக்கப்பட்டது. அவ்வாறு இடம்மாறிய முதியவர் ஒருவர், மூத்த உறவினரிடமிருந்து அனுமதிப்பத்திரத்தோடு தம் பெயருக்கு மாற்றிப் பெற்ற பழைய இடியன் துவக்கைத் துப்புரவாக்கிக் கொண்டிருந்தார். குழல்வாய் வழியே மருந்தை இட்டு, கோலால் இடித்து நிரப்புவதால் அதற்கு அப்பெயர்.

பேரன் உப்புத்தாளோடு வந்து நின்றான். பளபளப்பாக்க வேண்டுமாம். முதியவர் தடுத்தார். குழலின் மேல் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருந்தது. அனுமதிப்பத்திரத்திலும் அதே இலக்கம். “அது தேய்ந்து போனால், மாத்தயா, இது என் துவக்கு இல்லை; கள்ளத் துவக்கு” என்றார் சிங்களத்தில்.

முதலில் அவர் செய்தது துடைப்பதன்று, அளப்பது. கோலைக் குழலுக்குள் இறங்கும்வரை இறக்கி, வாயருகே பெருவிரலால் அடையாளம் பிடித்து, வெளியே எடுத்துக் குழலின் மீது கிடத்திப் பார்த்தார். வெறுங்குழலாயின் கோலின் நுனி, கேப் வைக்கும் முனைவரை எட்ட வேண்டும். நான்கு விரற்கடை குறைந்தது. உள்ளே ஏதோ இருந்தது.

யாரோ எப்போதோ நிரப்பி, சுடாமலே பரணில் போட்ட வெடி அது. வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த கருமருந்து ஈரம்படாதிருந்தால் நூறாண்டு கழிந்தும் தீப்பற்றும். குழல்வாயைத் தமக்கும் பேரனுக்கும் அப்பால் திருப்பி, உள்ளே நீரூற்றி ஒருநாள் ஊறவிட்டார். மறுநாள் கோலின் நுனியில் திருகு மாட்டி இழுத்தபோது தும்பும் ஈயச் சன்னங்களும் கருஞ்சேறும் வந்தன. பேரன் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டான்.

அதன்பிறகே வெந்நீர். கருமருந்து எரிந்தால் எஞ்சுவது புகை மட்டுமன்று. குழலில் படியும் உப்புகளும் உண்டு. அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும். எண்ணெய் மட்டும் பூசினால் உப்பு அடியிலேயே தங்கிவிடும். நீர்தான் அதைக் கரைக்கும். கொதிநீராயின் குழலும் சூடாகி விரைவில் தானே உலரும். கறுப்பாகவும் பின்னர் செந்நிறமாகவும் வந்த நீர் தெளியும்வரை ஊற்றி, உலர்ந்தபின் தையல் இயந்திர எண்ணெய் பூசினார். வெளிப்புறத்தில் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துருவை மட்டும் எடுத்தார். பழைய பழுப்பு நிறம் அப்படியே நின்றது.

அமெரிக்காவில் வாழும் என் நண்பர் ஒருவர் இதே வெந்நீர் முறையைப் பொழுதுபோக்காகச் செய்கிறார். அவருடையது 19ஆம் நூற்றாண்டுச் சுழல் துப்பாக்கியின் மறுபடைப்பு, இரண்டாங்கையாக வாங்கியது. இத்தாலியின் கார்தோனே வால் திரோம்பியாவில் இத்தகையவை செய்யப்படுகின்றன. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பெரும்பாலும் அவற்றைத் துப்பாக்கியாகவே கணிப்பதில்லை. இங்கேயோ, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உழவரின் இடியனுக்கும் ஆண்டுதோறும் அனுமதி புதுப்பிக்க வேண்டும்.

மாத்தளைக்கு இது புதிதன்று. 1848இல் ஆளுநர் டொரிங்டனின் அரசு விதித்த வரிகளுள் துவக்கு வரியும் ஒன்று. நாய்க்கும் வண்டிக்கும் கடைக்கும்கூட வரி வந்தது. அவ்வாண்டு ஜூலையில் மூண்ட மாத்தளைக் கிளர்ச்சிக்கு அவ்வரிகள் முதன்மையான காரணம். தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசின் கண்ணில் வருவாயாகவும் பின்னர் ஐயமாகவும் தெரிந்த துவக்கு, காவற்பரணில் இரவைக் கழிப்பவனுக்குப் பன்றியிடமிருந்து சோளத்தைக் காக்கும் பொருளாகவே இருந்தது. அதையே மிருகங்களின் தடத்தில் கட்டிவைத்தால் கட்டுத்துவக்காகி மனிதரையும் வீழ்த்தும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

விளக்கை வைத்துக் குழலைப் பார்த்தபோது அடிப்பகுதியில் துரு ஆழமாக அரித்திருந்தது. “இனி இதில் வெடி வைக்கக் கூடாது” என்றார். அப்படியானால் ஆண்டுதோறும் எதற்குக் கட்டணம் என்று கேட்டேன்.

“வயலும் வீடும் தண்ணீருக்குள் போய்விட்டன, மாத்தயா. அங்கிருந்து என்னோடு வந்ததில் அப்பாவின் காலத்தைக் கண்டது இது ஒன்றுதான்.”

நான் பதில் சொல்லவில்லை. ஊரை விட்டு வந்தவன் எதைக் கையில் எடுத்து வந்தான் என்று கேட்டால், தமிழரிடமும் இப்படித்தான் விடை வரும். ஒருவரிடம் திறப்புக்கோவை, மற்றொருவரிடம் காணி உறுதி. அவரிடம் ஓர் இலக்கமிட்ட இரும்புக்குழல்.

பழைய வீடுகளைத் திருத்தும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பரணில் இப்படியொன்று அகப்பட்டால், வெறுமையானது என்று எண்ணி விசையைத் தொட்டுப் பார்க்காதீர்கள். குழல்வாய்க்கு நேரே நிற்காதீர்கள். அதை இருந்த இடத்திலேயே விட்டுப் பொலிசாருக்கு அறிவியுங்கள். அந்த வெடியை நிரப்பியவர் இறந்திருக்கலாம். வெடி இறந்திருக்க வேண்டுமென்பதில்லை.