கண்ணாடி எழுத்து

தீபாவளிக்கு மறுநாள் காலையில் எங்கள் விருதுநகர்த் தெருவைப் பார்த்தால் பாய் விரித்தாற்போலக் காகிதம் கிடக்கும். சரவெடியின் சிவப்புத் துணுக்குகள், கரிந்த மத்தாப்புக் கம்பிகள், வாய் பிளந்த காலிப் பெட்டிகள். பெருக்க வருகிறவர்களுக்கு அது குப்பை. நான் மட்டும் குனிந்து குனிந்து பெட்டிகளைப் பொறுக்குவேன். "என்ன சார், வெடிக்காத வெடியைத் தேடுறீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்பார். வெடியைத் தேடவில்லை, அண்ணனைத் தேடுகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

என் அண்ணன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் லேபிள் ஓவியராக இருந்தார். பட்டாசுப் பெட்டியின்மேல் மயிலும் ரோஜாவும், மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் குழந்தையும் இருக்குமே, அவற்றை எழுதியவர்களில் ஒருவர். நீங்களும் அவருடைய படங்களைப் பார்த்திருக்கலாம். பார்த்த கையோடு கிழித்தும் போட்டிருக்கலாம்.

அப்பா ஒரு வத்தல் மண்டியில் கணக்குப்பிள்ளை. மல்லியும் வத்தலும் மணக்கும் பழைய பேரேட்டுத் தாள்களின் பின்பக்கத்தில்தான் அண்ணன் படம் போடக் கற்றுக்கொண்டார். பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சை இரண்டு தடவை அவரைக் கைவிட்டது. கணக்குப்பிள்ளை வீட்டில் இது சின்ன அவமானமா? ஒரு வாரம் அப்பா அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள் அவரே கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சிவகாசி பஸ்ஸில் ஏற்றினார். அது 1985. அண்ணனுக்குப் பதினேழு வயசு, எனக்கு எட்டு.

சிவகாசியின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். வானம் பார்த்த பூமி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகத்துக்கு ஓவியன் வேண்டும். பிறகு பட்டாசு வந்தது, காலண்டர் வந்தது. பக்கத்துக் கோவில்பட்டியில் கொண்டையராஜு (1898–1976) இருந்தார். சென்னைக் கலைப்பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, கடைசியில் அந்த ஊரிலேயே தங்கிவிட்டவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனையும் லட்சுமியையும் எத்தனையோ வீடுகளில் காலண்டரிலிருந்து எடுத்துச் சட்டம் போட்டுக் கும்பிட்டார்கள். அந்தப் படங்களின் மூலையில் ஓவியர் பெயராவது இருக்கும். லேபிள் எழுதினவனுக்கு அதுவும் கிடையாது.

அண்ணனுக்கு வாய்த்த வாத்தியார் கல் அச்சுக் காலத்து மனிதர். அந்தக் காலத்தில் நிறத்துக்கு ஒரு கல். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்கு கல்லிலும் அதே மயிலை இம்மி பிசகாமல் எழுதவேண்டும். கல்லில் இருப்பது காகிதத்தில் இடம் வலமாக மாறி விழும். ஆகையால் எழுத்துக்களையும் மாற்றித்தான் எழுதவேண்டும். அண்ணன் வேலைக்குச் சேர்ந்தபோது ஆப்செட் வந்துவிட்டது. காமிராவே நிறங்களைப் பிரித்தது. அந்த வித்தைக்கு அவசியமே இல்லை. ஆனாலும் வாத்தியார் விடவில்லை. "கை திரும்பினாத்தான் கண்ணு திறக்கும்" என்பாராம்.

அதனால் லாபம் அடைந்தவன் நான். அண்ணன் கடைசி பஸ்ஸில் வரும்போது நான் தூங்கியிருப்பேன். காலையில் என் பள்ளிக்கூடப் பையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அம்மாவின் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தால் எழுத்து நேராகும்: "மாடத்துல எட்டணா இருக்கு. சேவு வாங்கித் தின்னு. அம்மாகிட்டச் சொல்லாதே." கண்ணாடி எழுத்து என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். உலகத்தில் இரண்டே பேர் பேசிய பாஷை அது.

2000-ஆம் வருஷ வாக்கில் அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. தன்னைவிடப் பத்து வயசு சின்னப் பையனிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

"நல்ல மெஷின்தான் தம்பி. தப்புப் பண்ணினா உடனே அழிச்சிரலாம். நான் சாயம் சிந்தினா அதைப் பூவாக்கிப் பழகினவன். அதான் கை குறுகுறுங்குது" என்றார்.

வீட்டில் அவருடைய தூரிகைகள் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் காய்ந்து நின்றன.

2004-இல் என் முதல் நாவல் அச்சுக்குப் போயிற்று. கையெழுத்துப் பிரதியை முதலில் படித்தவர் அண்ணன்தான். நான்கு ராத்திரி படித்தார். பிறகு கேட்டார்:

"அந்தப் பிள்ளை பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாளே, என்ன கலர் சேலை?"

"அதை எழுதலையே, அண்ணே."

"இல்ல... தெரிஞ்சா, ஒரு அட்டை போட்டுப் பாக்கலாம்."

தலையைக் குனிந்துகொண்டார். எதையும் யாரிடமும் கேட்டு அறியாத மனிதர் அவர்.

"பதிப்பாளர் மெட்ராஸ்லேயே ஆள் வெச்சிருக்கார், அண்ணே" என்றேன்.

பொய். 'உங்களுக்குத் தெரிந்த ஓவியர் யாராவது உண்டா?' என்று பதிப்பாளர் எனக்கு எழுதியிருந்தார். யாரும் இல்லை என்று நான் பதில் போட்டிருந்தேன். என் புத்தகம் பட்டாசுப் பெட்டிபோல இருந்துவிடுமோ என்று பயம். ஊரை வைத்துக் கதை எழுதிப் பெயர் வாங்க ஆசைப்பட்டேன். ஊரின் சாயம் மட்டும் அட்டையில் ஒட்டக்கூடாது என்று நினைத்தேன்.

இரண்டு கோடும் ஒரு வட்டமுமாக, நாகரிகமான அட்டையோடு புத்தகம் வந்தது. அண்ணன் அதை வாங்கித் தடவிப் பார்த்தார். "அச்சு நல்லா விழுந்திருக்கு" என்றார். மறுநாள் என் சட்டைப் பையில், பல வருஷங்களுக்குப் பிறகு, ஒரு துண்டுச் சீட்டு. கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன்: "சேலை பச்சைன்னு நினைச்சுக்கிட்டுப் படிச்சேன். கதை நல்லா இருக்கு."

எழுத்துக்குப் பக்கத்தில் என் முகமும் தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று பதின்மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன். 2017-இல், ஐம்பது வயசு நிரம்புமுன், மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. வீட்டில் தேடினேன், அவர் எழுதிய மூலப்படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அச்சகத்தோடு போயிற்று. ஆனால் ஒரு தடவை ஓடின லேபிளைக் கம்பெனிக்காரர்கள் எளிதில் மாற்றமாட்டார்கள். அந்த நம்பிக்கையில்தான் வருஷா வருஷம் தெருவில் குனிகிறேன்.

போன தீபாவளிக்கு ஒரு பெட்டி கிடைத்தது. தோகை விரித்த மயில். கையால் எழுதிய படம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அதன் கழுத்துக்குப் பக்கத்தில், அந்தரத்தில், சம்பந்தமே இல்லாமல் ஒரு சிவப்புப் பூ. மயிலுக்குப் பக்கத்தில் அந்தப் பூவுக்கு என்ன வேலை? சாயம் சிந்தியிருக்கவேண்டும்.

பெட்டியைத் துடைத்து என் மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

அந்த நாவல் இப்போது மறுபதிப்பாக வருகிறது. பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பெண்ணுக்குப் பச்சைச் சேலை என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அட்டைக்குத் தெரிந்த ஓவியர் யாராவது உண்டா என்று இந்தத் தடவையும் கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் எழுதவில்லை.