புல்லு புடுங்கப் படித்தவள்

“யூனிவர்சிட்டி வரைக்கும் போயி புல்லு புடுங்கத்தான் படிச்சியாம்மா?”

கோவில் கமிட்டிக் கூட்டத்தில் பொருளாளர் மாமா இப்படிக் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அது என் பக்கம் நின்றதால் அல்ல என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

செமிலிங்கிலிருந்து பீடோங் போகும் சாலையில் உள்ளே திரும்பினால் எங்கள் தோட்டம். பால்மரங்கள் செம்பனையாகி, லயங்களை உடைத்து, ஆட்கள் சுங்கைப் பட்டாணிக்கும் பினாங்குக்கும் போன பிறகு மிஞ்சியது மாரியம்மன் கோவிலும் அதன் முன்னால் இருக்கும் திடலும்தான். போனவர்கள் திருவிழாவுக்குக் காரில் திரும்பி வருகிறார்கள். மழை பெய்தால் சக்கரம் சேற்றில் மாட்டிக்கொள்கிறது. ஒய்.பி. மானியம் கொஞ்சம் கிடைத்ததும் திடல் முழுக்கத் தார் போட்டுவிடலாம் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. நான்தான் எழுந்து, தார் வேண்டாம், புல் முளைக்கிற ஓட்டைக்கல் பதிக்கலாம் என்றேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. கூட்டத்தில் அதைச் சொல்லவில்லை.

நிபோங் திபாலில் சிவில் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு கடைவரிசைக்குப் பின்னால் வரும் கார் நிறுத்துமிடத்தை வரைந்தேன். முழுக்கத் தார். கணக்கெல்லாம் சரியாக இருந்தது, அனுமதியும் வந்தது. ஒன்றரை வருடம் கழித்து அந்தப் பக்கம் சாப்பிடப் போனேன். அதன் பின்னால் தாழ்வாக ஒரு வீடு. வாசலில் ஒரு பாட்டி செங்கல்லை இரண்டு வரிசை அடுக்கிச் சிமெந்து பூசி வைத்திருந்தார். “முன்னெல்லாம் இப்படித் தண்ணி உள்ள வராதும்மா” என்றார். அந்தப் படத்தில் என் கையெழுத்து இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓராண்டு தண்ணீரைக் காகிதத்தில் லோங்காங்குக்குள் அனுப்பியவள் நான். அது அந்தப் பாட்டி வீட்டுக்குள் போயிருக்கிறது.

எங்கள் கோவிலுக்குக் கீழேயும் நான்கு வீடுகள் இருக்கின்றன. நான்காவது எங்களுடையது.

அதனால் கமிட்டியிடம் கணக்கை மட்டும் சொன்னேன். திடல் முப்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை நம் ஊரில் அதிசயமில்லை. அப்படிப் பெய்தால் இந்தத் திடலில் மட்டும் விழுவது 30,000 லிட்டர். கோவிலுக்குப் பின்னால் நிற்கிறதே ஆயிரம் லிட்டர் தொட்டி, அதில் முப்பது. தார் போட்டால் ஏறக்குறைய அத்தனையும் ஒரே நேரத்தில் கீழே ஓடும். ஓட்டைக்கல் பதித்தால் அடியில் 30 சென்டிமீட்டர் உடைகல் அடுக்கு இருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். அதாவது பத்து சென்டிமீட்டர் மழையை அந்த இடமே பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். ஜே.பி.எஸ்.ஸின் மழைநீர்க் கையேடு 2000லேயே சொன்னது இதைத்தான்: தண்ணீரை வேகமாகத் துரத்தாதே, விழுந்த இடத்திலேயே பிடி.

ஒருவர் 2021ஐ நினைவுபடுத்தினார். அந்த ஆகஸ்ட் 18இல் ஜெராய் மலையிலிருந்து மரமும் பாறையுமாக இறங்கிய வெள்ளம் யான், மெர்போக் பக்கமெல்லாம் அடித்துக்கொண்டு போனது. உயிர்கள் போயின. “அத இந்தப் புல்லு நிறுத்துமா?” என்றார். நிறுத்தாது என்றேன். இது மலை வெள்ளத்துக்கு இல்லை, சாயங்கால மழைக்கு. அந்தப் பதிலுக்குப் பிறகுதான் தலைவர், “சரி, பாதித் திடல்ல போட்டுப் பாப்போம்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: “கோவில் முன்னால எதுக்குடி புல்லு? அசிங்கமா இருக்காது?”

அம்மா பதினெட்டு வருடம் தோட்டத்தில் மருந்து அடித்தவர். முதுகில் பம்ப்பு, முகத்தில் ஒரு துணி, காலுக்குக் கீழே இருக்கிற பச்சையெல்லாம் காய வேண்டும், அதுதான் வேலை. அம்மாவின் பாட்டி காலத்தில் மருந்து கிடையாது, சங்கொட்டுதான். அன்றைய ரப்பர் தோட்டங்களில் வரிசைகளுக்கு நடுவே ஒரு புல்கூட இல்லாமல் தரை தெரிவதுதான் நல்ல நிர்வாகத்துக்கு அடையாளம். துரைமார் அப்படிக் கேட்டார்கள், நம் ஆட்கள் லாலாங்கை வேரோடு தோண்டினார்கள். மொட்டைத் தரையிலிருந்து மேல்மண் மழையோடு போன பிறகுதான், மண்ணைப் பிடித்து நிறுத்தப் பியூராரியா, சென்ட்ரோசீமா மாதிரிக் கொடிகளைத் தோட்டங்களே நடத் தொடங்கின. ஆனால் அம்மாவுக்கு வந்து சேர்ந்த பாடம் முந்தையதுதான். புல் இருந்தால் வேலை முடியவில்லை, மண்டோர் திட்டுவார். புல் இல்லாத தரைதான் சுத்தம். இதைப் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டுப் போய் அம்மாவிடம் தப்பு என்று எப்படிச் சொல்வது?

வேலை முடிந்தது. நான் தப்புகளும் செய்தேன்.

ஓட்டைக்குள் நிரப்பும் மண் கல்லின் விளிம்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழேயே நிற்க வேண்டும். அப்போதுதான் டயர் கல்லில் ஏறும், புல்லின் குருத்து தப்பிக்கும். படத்தில் எழுதியிருந்தேன். நிரப்புகிற அன்று நான் போகவில்லை. குத்தகையாளரின் ஆட்கள் விளிம்பு வரை அள்ளிப் போட்டு உருளையும் ஓட்டிவிட்டார்கள். இரண்டாவது மாதமே சக்கரத் தடம் இரண்டு கோடாகக் காய்ந்தது. கோவில் வேன் எப்போதும் நிற்கிற இடத்தில் வெயில் படாமல் ஒரு மஞ்சள் சதுரம்.

பெரிய தப்பு வேறு. காரை மட்டும்தான் நினைத்தேன். திருவிழாவில் பால்குடத்தோடு வந்த அக்காமார் வெறுங்காலில் அந்தக் கல் விளிம்புகளில் நடக்க முடியாமல் தார் பக்கமாக ஒதுங்கினார்கள். தார் அந்த வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. கோவில் முன்னால் மனிதர் நடப்பார்கள் என்பதை ஒரு பொறியாளர் மறந்திருக்கிறாள். பிறகு வாசல் வரைக்கும் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ஓட்டையில்லாத கல் பதித்தோம். அந்தச் செலவை நான் கொடுத்தேன்.

“எல்லாத்தையும் மூடி தார் ஊத்திடலாம்” என்ற பேச்சு மறுபடி வந்தது. அதற்கு முன்னால் இடுக்கில் முளைத்த களைக்கு மருந்து அடித்துப் பார்க்கலாம் என்று ஒருவர் பம்ப்போடு வந்து நின்றார். அன்று சனிக்கிழமை. அம்மா விளக்குப் போட வந்திருந்தார். பம்ப்பைப் பார்த்ததும் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி வந்தார்.

“மருந்து வேணாம்ணே.”

“களைக்குத்தானே அக்கா?”

“களைன்னு அதுக்குத் தெரியுமா?”

அம்மா அடித்த மருந்துகளில் பாராகுவாட்டும் ஒன்று. நம் நாட்டில் அதற்கு முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில்தான். அம்மா வேலையை விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. பெருவிரல் நகங்கள் இரண்டும் இன்னும் நேராக வளர்வதில்லை. மருந்துதான் காரணமா என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. அம்மாவும் கேட்டதில்லை.

அந்த வாரத்திலிருந்து அம்மா சனிக்கிழமைதோறும் ஒரு பழைய கரண்டியோடு போகிறார். விளிம்பு வரை நிரம்பிய மண்ணை ஓட்டை ஓட்டையாகச் சுரண்டி எடுக்கிறார். லாலாங் தலைகாட்டினால் வேரோடு இழுக்கிறார். கார்பெட் புல்லை விடுகிறார். “இது மிதிபட்டாலும் படரும். நாங்க அடிச்சா இதுதான் கடைசியா சாகும்” என்றார் ஒருநாள். எந்தப் புல் எப்படிச் சாகும் என்று தெரிந்தவருக்கு அது எப்படிப் பிழைக்கும் என்பதும் தெரிந்திருக்கிறது. வேனை வாரம் ஒரு இடமாக மாற்றி நிறுத்தச் சொன்னதும் அம்மாதான். கூட்டத்தில் நான் சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு சிரிப்பு வந்திருக்கும்.

போன மாதம் ஒரு சாயங்காலம் நல்ல மழை. குடையோடு போய்ப் பார்த்தேன். தார் போட்ட பாதியிலிருந்து தண்ணீர் பழுப்பாக லோங்காங்கில் பாய்ந்தது. புல் பாதியில் ஓட்டைகளில் மட்டும் தண்ணீர் நின்றது, பிறகு இறங்கியது. எங்கள் வீட்டு வாசல் நனையவில்லை. ஒரு மழையை வைத்துப் பொறியாளர் எதையும் எழுதக்கூடாது. ஆனாலும் அந்தப் பாட்டியின் செங்கல் வரிசை ஞாபகம் வந்தது. இந்த வாரம் போய் அந்த இடத்தின் மட்டத்தை அளந்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தப் படத்தை வரைந்தது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் அதை விட்டுவிட்டு, “சரிம்மா, இப்ப என்ன செய்யலாம்?” என்றுதான் கேட்டார்.

அடுத்த மாதம் எங்கள் ஆண்டுக்கூட்டம். மீதிப் பாதியைப் பற்றிப் பேச வேண்டும். இந்த முறை அம்மாவைப் பேசச் சொல்லியிருக்கிறேன். “நான் என்னத்தடி பேசுறது?” என்கிறார். கரண்டியை மட்டும் மறக்காமல் கழுவி வைக்கிறார்.