தானம் கொடுத்த மாட்டின் பல்

அரை வினாடி. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற சாஃப்ட்வேர் இன்ஜினீயரை உறுத்தியது அவ்வளவுதான். மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவர் அவர். போஸ்ட்கிரெஸ் என்ற தகவல் சேமிப்பு சாஃப்ட்வேரின் வேகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். தொலைவிலுள்ள கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். என்ற புரோகிராம், கதவைத் திறக்க வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக எடுத்துக்கொண்டது. வேறொருவர் என்றால் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். அவர் தோண்டிப் பார்த்தார்.

உள்ளே இருந்தது ஒரு கள்ளச்சாவி. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சிறிய சாஃப்ட்வேரின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ அதை ஒளித்து வைத்திருந்தார்கள். சாவி வைத்திருப்பவர் எந்தப் பாஸ்வேர்டும் இல்லாமல் உள்ளே புகுந்துவிடலாம். மார்ச் 29 அன்று ஃபிராயிண்ட் விஷயத்தை உலகுக்குச் சொன்னார். ஆபத்தை அளக்கும் அளவுகோலில் அதற்கு விழுந்த மதிப்பெண் 10க்கு 10. நல்லவேளையாக, சில லினக்ஸ் வகைகளின் சோதனைப் பதிப்புகளைத் தாண்டி அது பெரிதாகப் பரவியிருக்கவில்லை. இன்னும் சில மாதங்கள் போயிருந்தால் உலகின் எத்தனையோ சர்வர்களில் குடியேறியிருக்கும்.

திருடன் எப்படி உள்ளே வந்தான் என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி. அவன் சுவர் ஏறிக் குதிக்கவில்லை. வீட்டுக்காரரைக் களைத்துப் போகச் செய்து, அவர் கையாலேயே கதவைத் திறக்க வைத்தான்.

வீட்டுக்காரர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸெ காலின். எக்ஸ்இசட்டை எழுதிப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தவர். சம்பளம் கிடையாது. ஓய்வு நேரத்தில் செய்த வேலை. அதை வாங்கிப் பயன்படுத்தியவர்களில் உலகின் மிகப் பெரிய கம்பெனிகளும் அடக்கம்.

2022ல் அவருக்குச் சில இ-மெயில்கள் வரத் தொடங்கின. ஒருவர் பெயர் ஜிகர் குமார். இன்னொருவர் டென்னிஸ் என்ஸ். திருத்தங்கள் ஏன் இன்னும் ஏற்கப்படவில்லை, உங்களுக்கு ஆர்வம் போய்விட்டதா, முடியாவிட்டால் வேறு ஒருவரிடம் ஒப்படையுங்கள் என்று நச்சரிப்பு. ஆர்வம் போகவில்லை, நீண்ட நாட்களாக மனநலம் சரியில்லாததால் முன்போல் கவனிக்க முடியவில்லை என்று அந்த ஆண்டு ஜூனில் காலின் பொதுவிலேயே பதில் எழுதினார். இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் நினைவூட்டினார். அதன் பிறகும் நச்சரிப்பு ஓயவில்லை.

அதே சமயம் பணிவாகவும் பொறுமையாகவும் உதவி செய்ய ஒருவர் முன்வந்திருந்தார். பெயர் ஜியா டான். காலின் மெல்ல மெல்லப் பொறுப்பை அவரோடு பகிர்ந்துகொண்டார். கள்ளச்சாவியை வைத்தது அந்த ஜியா டான்தான். அது ஒரு மனிதரா, ஒரு கூட்டமா என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. நச்சரித்தவர்களும் அதே நாடகத்தின் வேடங்கள்தான் என்பது விவகாரத்தை ஆராய்ந்த பலரின் முடிவு. இந்தியப் பெயர் உட்பட எல்லாமே முகமூடி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இ-மெயில்கள் வந்தபோது அவை யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. காரணம், அந்தத் தொனி புதிதல்ல. இலவசமாகச் சாஃப்ட்வேர் தருபவரிடம் கடன்காரனிடம் பேசுவதுபோல் பேசுவது அந்த உலகில் வெகுகாலமாக நடந்து வருவதுதான். சூழ்ச்சிக்காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊர் பேசும் பேச்சைப் பேசினார்கள்.

ஓப்பன் சோர்ஸ் என்பது ஒருவகையில் தண்ணீர்ப் பந்தல். யார் வேண்டுமானாலும் வந்து குடிக்கலாம், மோர் எப்படிக் கலக்கப்பட்டது என்று பார்க்கலாம், தானும் ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றலாம். 1991ல் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அப்படித்தான் வளர்ந்தது. இன்று இந்தியாவில் கோடிக்கணக்கானோர் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் அதுதான். லினக்ஸில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோருக்கு இன்று கம்பெனிகள் சம்பளம் தருகின்றன. ஆனால் எக்ஸ்இசட் போன்ற நூற்றுக்கணக்கான சின்னப் பந்தல்கள் தனி மனிதர்களின் தோளில்தான் நிற்கின்றன. அவர்களுக்குக் கிடைக்கும் கூலி, வேலையில் கிடைக்கும் ஆனந்தமும் பிறர் காட்டும் மரியாதையும்தான். இரண்டும் போனால் அவர்களைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை.

கான் கோலிவாஸ் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் மயக்க மருந்து டாக்டர். புரோகிராமிங் அவர் தொழில் அல்ல, தானாகக் கற்றுக்கொண்டது. சாதாரண மனிதர் பாட்டுக் கேட்டபடி வேலை செய்யும்போது லினக்ஸ் திக்கித் திணறக் கூடாது என்று பல ஆண்டுகள் உழைத்தார். 2007ல், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று பங்கிட்டுத் தரும் பகுதியை அவர் புதிதாக எழுதினார். அதே நோக்கத்துடன் லினக்ஸின் மூத்த புரோகிராமர் இங்கோ மோல்னார் வேறொன்றை எழுதினார். கோலிவாஸின் வேலையிலிருந்து கிடைத்த உந்துதலை மோல்னார் மறைக்கவில்லை. லினக்ஸில் சேர்க்கப்பட்டது மோல்னாருடையது. குறை சொன்னவர்களோடு கோலிவாஸ் வாதாடினார், திருத்த முன்வரவில்லை என்பது டோர்வால்ட்ஸ் சொன்ன காரணம். அந்த ஜூலையில் கோலிவாஸ் விலகிக்கொண்டார். 2009ல் மறுபடி எழுதினார். ஆனால் அதை லினக்ஸில் சேர்க்கச் சொல்லி யாரிடமும் போய் நிற்கவில்லை. வேலையின் மீது ஆசை இருந்தது. அந்த வாசலுக்குப் போகத்தான் மனம் இல்லை.

யுஎஸ்பி 3.0க்கான லினக்ஸ் பகுதியைப் பராமரித்த சேஜ் ஷார்ப், வசவு மொழியை 2013ல் பகிரங்கமாகக் கண்டித்தார். மாறாததால் லினக்ஸ் வேலையை நிறுத்திவிட்டதாக 2015ல் அறிவித்தார். அவர் கண்டித்தவர்களில் முதல்வர் டோர்வால்ட்ஸ். கடுமையாகத் திட்டாவிட்டால் மோசமான வேலை உள்ளே புகுந்துவிடும் என்பது அவர் தரப்பின் வெகுநாளைய வாதம். 2018 செப்டம்பரில் அவரே இறங்கி வந்தார். தன் இ-மெயில் தாக்குதல்கள் தொழில்முறைக்குப் பொருந்தாதவை, சிலரை லினக்ஸிலிருந்து முழுக்கவே விரட்டியிருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். சில வாரங்கள் பொறுப்பை கிரெக் குரோவா-ஹார்ட்மனிடம் விட்டுவிட்டு ஒதுங்கி, அக்டோபரில் திரும்பினார். நடத்தை விதிகளும் வந்தன. அதற்குப் பிறகு லினக்ஸ் சீர்கெட்டுப் போய்விடவில்லை.

தப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை. 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற விழாவில், ஓப்பன் சோர்ஸுக்கு நான்கு திருத்தங்கள் அனுப்புவோருக்கு இலவச டீ-ஷர்ட் என்று அறிவிப்பு. ஒரு வார்த்தையைச் சேர்ப்பது, தலைப்பை மாற்றுவது என்று உப்புச்சப்பில்லாத திருத்தங்கள் வந்து குவிந்தன. எப்படி அனுப்புவது என்று காட்டிய ஓர் இந்திய யூடியூப் வீடியோவும் இதற்குக் காரணமாகச் சுட்டப்பட்டது. இரவெல்லாம் குப்பை அள்ளிய பராமரிப்பாளர்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே விதிகள் மாற்றப்பட்டன. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் உண்மையான ஆர்வத்துடன் முதல் திருத்தம் அனுப்பிய ஏதோ ஒரு கல்லூரி மாணவனுக்கும் அதே வசவு விழுந்திருக்கும். முதல் தடவை விழும் வசவுதான் ஒருவன் இரண்டாம் தடவை வருவானா என்பதைத் தீர்மானிக்கிறது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள் பெரியவர்கள். சாஃப்ட்வேர் விஷயத்தில் இந்தப் பழமொழியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். பல்லைப் பார்க்கத்தான் வேண்டும். ஃபிராயிண்ட் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் பல்லைப் பார்ப்பது வேறு, மாட்டைக் கொடுத்தவரை ஏசுவது வேறு. ஃபிராயிண்ட் யாரையும் திட்டவில்லை. அளந்தார், தோண்டினார், கண்டதைச் சொன்னார். திட்டியவர்களால் எந்தத் தவறும் பிடிபடவில்லை. அவர்களால் நடந்தது, ஏற்கெனவே சோர்ந்திருந்த மனிதர் இன்னும் சோர்ந்து, வந்தவனிடம் சாவியைக் கொடுத்ததுதான்.

விவகாரம் வெடித்தபோது காலின் ஓடி ஒளிந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஜியா டான் தொட்ட இடங்களை எல்லாம் பார்த்து, கள்ளச்சாவியை நீக்கிய 5.6.2 பதிப்பை 2024 மே மாத இறுதியில் வெளியிட்டார். முன்போலவே இலவசமாக.