விருந்தினர்க் கணினியும் வேலிப் பொட்டும்

“மலருக்கு ஏதேனும் எழுதித் தருக” என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டபொழுது, விடுதி வாழ்வையும் விளையாட்டுத் திடலையும் பற்றி எழுதவே எண்ணினேன். ஆயின், இம்மலருக்காக உழைத்த வேளையில் யான் இழைத்த தவறொன்று நெஞ்சை விட்டு அகலாது நிற்கின்றது. அதனை மறைத்துவிட்டு இன்ப நினைவுகளை மட்டும் எழுதுதல் நேர்மையாகாது. இளைய மாணவர்க்கேனும் பயன்படட்டும் என்று அதனையே இங்கு எழுதுகின்றேன்.

எமது பழைய மாணவர் பதிவேட்டின் வரலாற்றை முதலிற் கூறல் வேண்டும். 1995 ஒக்டோபர் மாத இடப்பெயர்வின்பின் பழைய ஏடுகளுட் பல எமக்குக் கிடைக்கவில்லை. 2002 இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டதும், எமது கணித ஆசிரியர் ஒருவர் அவ்விழப்பை ஈடுசெய்ய முற்பட்டார். கொழும்பிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் சிதறிக் கிடந்த தம் மாணவர்க்குக் கடிதம் எழுதி, ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், ஊர், கற்ற ஆண்டுகள் என்பவற்றைத் திரட்டித் தமது வீட்டுக் கணினியிற் பதிந்து வந்தார். அக்கணினி விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்தில் நடந்தது. பதிவேட்டுக்குரிய செய்நிரலை அவர் மாணவர் ஒருவரே எழுதிக் கொடுத்திருந்தார். எழுத்துரு, அந்நாளில் எம்மிடையே பெருவழக்காயிருந்த பாமினி. ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் வடிவம் உடுத்திய எழுத்துரு அது. அஃது இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். 2011 இல் ஆசிரியர் காலமானார். கணினி அவர் வீட்டு மூலையில் உறங்கிற்று.

மலருக்குப் பதிவேடு வேண்டும் என்றபொழுது அக்கணினி உயிர்பெற மறுத்தது. வன்தட்டு மட்டும் பழுதின்றி இருந்தது. உயர்தர வகுப்பில் பயிலும் மாணவர் ஒருவர், அத்தட்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுத்து, எனது மடிக்கணினியினுள் மெய்நிகர்க் கணினி ஒன்றை அமைத்து, அதனுள் ஆசிரியரின் கணினியை மீண்டும் இயங்கச் செய்தார். திரையின் ஒரு சாளரத்தினுள்ளே ஆசிரியர் விட்டுச் சென்ற பச்சைக் குன்றும் நீல வானமும் தோன்றியபொழுது என் கண் கலங்கியதை ஒளிக்கமாட்டேன்.

கணினிக்குள் கணினி என்பது இக்காலப் புதுமை என்று யான் எண்ணியிருந்தேன்; அஃது அவ்வாறன்று. அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தார், 1967 ஆம் ஆண்டிலேயே ஒரு பெருங்கணினியைப் பலருக்குத் தனித்தனிக் கணினியாகத் தோன்றும்படி இயக்கினர். மேசைக் கணினிக்கு அவ்வித்தையை வி.எம்.வெயார் நிறுவனம் 1999 இல் கொணர்ந்தது. யான் பயன்படுத்திய வேர்ச்சுவல்பொக்ஸ் என்னும் மென்பொருள் 2007 இல் வெளிவந்தது. உள்ளே இயங்கும் கணினியை விருந்தினர் என்றும், அதற்கு இடமளிக்கும் கணினியை விருந்தோம்பி என்றும் இத்துறையார் வழங்குவர். விருந்தினருக்குத் தான் ஒரு முழுக் கணினி என்ற நினைப்பு. அதன் வன்தட்டு விருந்தோம்பியில் உள்ள ஒரு கோப்பே என்பதை அஃது அறியாது. விருந்தோம்பியின் கோப்புக்கள் எவையும் அதன் கண்ணிற் படா. பிரித்து வைத்தலே இவ்வமைப்பின் முதல் நோக்கம்.

ஆயின், முற்றும் பிரிந்திருந்தாற் காரியம் நடவாது. உள்ளேயிருக்கும் பதிவேடு வெளியே வரவேண்டும். வெளியேயிருக்கும் படங்கள் உள்ளே செல்லவேண்டும். ஆசிரியரின் செய்நிரல் ஒவ்வொரு பெயருடனும் ஒரு படத்தை இணைக்க இடந்தந்தது. மலருக்கெனப் பலரிடம் இரவல் வாங்கி வருடியெடுத்த 61 பழைய ஒளிப்படங்கள் என் கணினியில் இருந்தன. இதற்கெனவே பகிர்வுக் கோப்புறை என்றொரு வழி உண்டு. விருந்தோம்பியில் ஒரு கோப்புறையைச் சுட்டிக் காட்டி, விருந்தினருள் துணைக் கருவி மென்பொருளை நிறுவிவிட்டால், அக்கோப்புறை விருந்தினருக்கு இன்னொரு தட்டாகத் தோன்றும். “வாசிக்க மட்டும்” என்றோர் அடையாளமும் அங்கே உண்டு. “ஐயா, அதை மறக்காமற் போடுங்கோ” என்று சொல்லிவிட்டே மாணவர் வீடு சென்றார்.

யான் அதனை இடவில்லை. எழுதவும் உரிமை இருந்தால் வேலை விரைவாக முடியும் என்பது என் கணக்கு. அன்றிரவு படங்களை ஆசிரியரின் சீ தட்டுக்குப் படியெடுக்கத் தொடங்கினேன். பாதி வழியில், தட்டில் இடமில்லை என்ற அறிவித்தல் வந்தது. பழைய தட்டு, முன்னரே நிரம்பியிருந்தது. ஈ என்ற தட்டில் அதே படங்கள் இருக்கக் கண்டேன். ஒரே கணினியில் இரு படிகள் எதற்கு என்று எண்ணி, ஈ தட்டில் இருந்தவற்றை அழித்தேன். இடம் கூடவில்லை. தூக்கக் கலக்கத்தில் கணினியை மூடிவிட்டு உறங்கினேன்.

காலையில் விருந்தோம்பியிற் பார்த்தால் படக் கோப்புறை வெறுமையாயிருந்தது. மீள்சுழற்சித் தொட்டியிலும் ஒன்றுமில்லை; பகிர்வின் வழியே அழிக்கப்படுபவை அங்குச் செல்வதில்லை. மாணவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “ஐயா, அது படியில்லை. அதுதான் அசல்” என்றார். அந்த நான்கு சொற்களில் எனது தவறு முழுவதும் அடங்கிற்று. பகிர்வுக் கோப்புறை ஒரு சாளரமேயன்றிப் பெட்டகம் அன்று. அதன் வழியே கை நீட்டி எடுத்து எறிந்தால், எறியப்படுவது அடுத்த அறையில் இருக்கும் மெய்ப்பொருளே.

யான் அத்துடன் நின்றேனல்லேன். விருந்தினர்க் கணினியின் முந்திய நாள் நிலையைச் சேமித்து வைத்திருந்தோம். அந்நிலைக்கு மீட்டால் படங்களும் மீளும் என்று எண்ணினேன். மாணவர் தடுத்தார். அச்சேமிப்பு விருந்தினரின் தட்டை மட்டுமே பழைய நிலைக்குக் கொண்டுவரும். விருந்தோம்பியின் கோப்புறையைத் தொடாது. மாறாக, சீ தட்டுக்கு முன்னிரவிற் போய்ச் சேர்ந்திருந்த படங்களையும் அடியோடு அழித்துவிடும். அவர் தடுத்திராவிடின் எஞ்சியவையும் போயிருக்கும். அத்தட்டில் 34 படங்கள் இருந்தன. மீட்பு மென்பொருளால் 19 கிடைத்தன. உரியவர்களிடம் மீண்டும் இரந்து ஐந்தைப் பெற்றேன். மூன்று கிடைக்கவில்லை. அவற்றுள் ஒன்றைத் தந்த முதியவர் அதற்குள் இறைவனடி சேர்ந்திருந்தார். அவர் வீட்டாருக்கு அப்படம் எங்குள்ளதென்று தெரியவில்லை.

அடுத்து வலையமைப்பைப் பற்றியும் ஒன்று கூறுவேன். எம் ஊர்க் கிடுகு வேலிகளில் பொட்டு என்றொரு சிறு வழி இருந்ததைப் பழையவர் அறிவர். அயல் வீட்டுப் பெண்கள் தெருவுக்கு வராமலே அதன் வழி போய்வருவர். அறிமுகமான அயலுக்கு அது பேருதவி. அதனை அறிந்த கள்வனுக்கும் அவ்வாறே. விருந்தினர்க் கணினியை வெளியுலகோடு இணைக்கும் வழிகளும் இத்தன்மையனவே. ஒரு முறையில், விருந்தினர் வீட்டுக்காரரின் பெயராலேயே வெளியே செல்லும்; வெளியார் அதனை நேரே அழைக்க முடியாது. வேர்ச்சுவல்பொக்ஸில் அதற்கு வழக்கமாகக் கிடைக்கும் முகவரி 10.0.2.15. அம்முறையில், குறித்த ஒரு வாயிலை மட்டும் வெளியாருக்குத் திறந்துவிடவும் இயலும், அதுவே பொட்டு. இன்னொரு முறையில், விருந்தினர் வீட்டு வலையமைப்பில் தனிக் கணினியாகவே நின்று தனி முகவரி பெறும். பிறிதொரு முறையில், விருந்தோம்பியோடு மட்டும் பேசும். முதல் முறை முழுப் பாதுகாப்பு என்று பலர் எண்ணுவர். வெளியிலிருந்து வருவார்க்கே அது தடை; உள்ளிருந்து புறப்படும் தீங்கு வீட்டிலுள்ள மற்றைக் கணினிகளை நாடிச் செல்வதற்கு அது தடையாகாது.

எக்ஸ்பி இயங்குதளத்துக்கு மைக்றோசொவ்ற் நிறுவனம் அளித்துவந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8 ஆம் நாளோடு முடிந்தது. 2017 மே 12 ஆம் நாள் வன்னாகிறை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியபொழுது, விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த பிழையே அதற்கு வழியாயிற்று. முடிந்துபோன எக்ஸ்பிக்கும் அந்நிறுவனம் அப்பொழுது திருத்தம் வெளியிட நேர்ந்தது. ஆதலின் எமது விருந்தினருக்கு வலையமைப்பு வேண்டா என்று மாணவர் அதன் இணைப்பையே துண்டித்தார். சுவரும் எப்பொழுதும் சுவராயிருக்கும் என்று கூறுவதற்கில்லை. மெய்நிகர் நெகிழ்தட்டுக் கருவியின் நிரலில் 2004 முதல் மறைந்திருந்த பிழையொன்று 2015 இற் கண்டறியப்பட்டது. விருந்தினருள் உள்ளவர் அதன் வழியே சுவரைத் தாண்டி விருந்தோம்பிக்குள் நுழையக்கூடும் என்பது தெரிந்தது. எவரும் பயன்படுத்தாத நெகிழ்தட்டுக் கருவியே வாயிலாயிற்று. வேண்டாத கதவு திறந்திருத்தல் ஆகாது.

இறுதியில் வேலையை மாணவர் சொன்னவாறே முடித்தோம். இரு கோப்புறைகள் வைத்தோம். உள்ளே கொடுப்பதற்கு ஒன்று. அதில் படங்களின் படிகள் மட்டும், வாசிக்கும் உரிமையோடு மட்டும். வெளியே வாங்குவதற்கு மற்றொன்று. அது வெறுமையாய் இருந்தது, எழுதவும் உரிமையுண்டு. அசல் படங்கள் வேறொரு தட்டில், கணினியினின்றும் கழற்றப்பட்டு, அலுமாரியில் இருந்தன. பதிவேடு வெளிவந்ததும் பாமினியிலிருந்து யூனிக்கோட்டுக்கு மாற்றினோம். இன்று அதனை எந்தக் கணினியிலும் எவரும் வாசிக்கலாம். ஆசிரியர் தம் கையாற் பதிந்த பெயர்களுள் ஒன்றேனும் குறையவில்லை. எம் வகுப்பினர் இருபத்தொன்பதின்மரின் பெயர்களையும் ஒரே பக்கத்திற் கண்டேன். சிலருடைய பெயருக்கெதிரே, “கடிதம் திரும்பி வந்தது” என்று அவர் குறித்திருந்தார்.

கற்றவர் பலர் இம்மலரை வாசிப்பர். அவர்க்கு யான் கூறியவை சிறியனவாகத் தோன்றலாம். ஆயினும், இரண்டு வினாக்களை விடை தெரியும்வரை விடாதீர்கள் என்று இளைய மாணவரை வேண்டுவேன். என் கையில் உள்ளது படியா, அசலா? யான் திறக்கும் இக்கதவு இவ்வேலைக்கு வேண்டிய அளவினதா? இவற்றை அன்றிரவு யான் கேட்டிருப்பின் மூன்று படங்கள் இம்மலரில் இடம்பெற்றிருக்கும்.

அம்மூன்றும் இவை: 1958 ஆம் ஆண்டின் உதைபந்தாட்டக் குழு, 1964 இல் விடுதி முன்றிலில் எடுத்த படம், 1970 இன் நாடகக் குழு. அன்பர் எவரிடமேனும் அவற்றின் படி இருப்பின், பழைய மாணவர் சங்கத்துக்கு அனுப்பி உதவுமாறு பணிவோடு வேண்டுகின்றேன். இம்முறை அவை என் கணினிக்கு வாரா, அம்மாணவரிடமே செல்லும்.

எமது கல்லூரி நீடு வாழ்க.